கொடுத்தவர் ஏன் மறுபடி வரவில்லை? நன்கொடையாளரின் கருத்தைக் கேட்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

பென்னாகரம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஒரு சின்ன டிரஸ்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பனை டிரஸ்ட்தான். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த மாதிரி அமைப்புகள் நிறைய. பணம் தருகிறவர்களும் நமக்குத் தெரிந்த வகை ஆட்கள்தான்: ஊரிலிருந்து போய் பெங்களூருவில் வேலை பார்க்கும் இளைஞர்கள், ஓசூர் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசராக இருப்பவர்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், பாலக்கோட்டில் மளிகைக் கடை நடத்துகிறவர். போன வருடம் இப்படி 200 பேர் கொடுத்தார்கள். அந்த 200 பேரில் இந்த வருடம் மறுபடி கொடுத்தவர்கள் 80 பேர். மீதி 120 பேர் என்ன ஆனார்கள்?

அலுவலகத்தில் கேட்டால் உடனே பதில் வரும். "விலைவாசி அப்படி சார், இப்பல்லாம் யார் குடுக்கறாங்க?" இருக்கலாம். ஆனால் அந்த 120 பேரில் ஒருவருக்காவது போன் போட்டு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமலே காரணம் தெரிந்துவிட்டதாக நினைப்பதுதான் இதில் பெரிய சிக்கல். எப்படிக் கேட்பது, கேட்டதை வைத்து என்ன செய்வது என்பதை, இதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எதைக் கருத்து என்கிறோம்

பணமோ பொருளோ நேரமோ கொடுத்த ஒருவர், கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அமைப்பு தன்னிடம் எப்படி நடந்துகொண்டது என்று சொல்வதுதான் நன்கொடையாளர் கருத்து. போனை எடுத்தார்களா, ரசீது வந்ததா, பெயரைச் சரியாக எழுதினார்களா, பணம் என்ன ஆயிற்று என்று சொன்னார்களா, அடுத்த முறை கேட்டபோது எப்படிக் கேட்டார்கள்? இவைதான் அதில் வரும் விஷயங்கள். "உங்கள் சேவை மகத்தானது" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அது பாராட்டு. சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். அதை வைத்துத் திருத்த ஒன்றும் இல்லை.

படிப்பு மையத்துக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் சொல்வது வேறொரு வகை. அது பயனாளிகளின் கருத்து. அதுவும் வேண்டும், சொல்லப்போனால் அதுதான் முதலில் வேண்டும். இரண்டையும் ஒரே படிவத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக மட்டும் இங்கே சொல்கிறேன்.

இந்த வேலைக்கு நாலு படி உண்டு. கேட்க வேண்டும், கேட்டதை எழுதி வைக்க வேண்டும், அதில் ஏதாவது ஒன்றையாவது மாற்ற வேண்டும், மாற்றியதைச் சொன்னவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். பெரும்பாலான அமைப்புகள் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. வருடாந்திர விழாவில் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள். தாள்கள் ஒரு ஃபைலுக்குள் போகின்றன. ஃபைல் பீரோவுக்குள் போகிறது.

ஏன் யாரும் வாய் திறப்பதில்லை

கல்யாணத்தில் மொய் வைத்தால் நோட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் ஏறும். நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். வராமல் போனால் "நாங்க வெச்சோம், அவங்க எட்டிக்கூடப் பாக்கல" என்று நாலு பேரிடம் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. நன்கொடையில் அந்தத் திரும்பி வருதல் கிடையாது. எந்த டிரஸ்டும் நம் வீட்டுக் காதுகுத்துக்கு வந்து நிற்கப்போவதில்லை. அதனால் கேள்வி கேட்கத் தனக்கு உரிமை இருப்பதாகவே கொடுத்தவர் நினைப்பதில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்ற வளர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. ரசீது வரவில்லையா? "நல்ல காரியம் பண்றாங்க, போய் ரசீதுக்காகச் சண்டை போடுவாங்களா" என்று விட்டுவிடுவார். அடுத்த வருடம் உங்கள் எண் திரையில் தெரிந்தால் எடுக்க மாட்டார். அவ்வளவுதான் அவருடைய புகார்.

தகடூர்க்காரர்களுக்கு (தர்மபுரியின் பழைய பெயர் தகடூர்) கொடை என்றதும் அதியமானும் நெல்லிக்கனியும் நினைவுக்கு வரும். எனக்கு இந்த விஷயத்தில் நெருக்கமாகப் படுவது புறநானூற்றின் 101-ஆம் பாடல். ஒரு நாள் போனாலும், இரண்டு நாள் போனாலும், பல நாள் பலரைக் கூட்டிக்கொண்டு போனாலும் அதியமான் முதல் நாள் காட்டிய அதே விருப்பத்தோடு இருப்பான் என்று ஔவையார் அதில் சொல்கிறார். அங்கே கொடுப்பவன் வாங்குபவரை அப்படி நடத்தினான். நம் அமைப்புகளில் வாங்குகிறவர்கள் கொடுக்கிறவரை எப்படி நடத்துகிறோம்? முதல் முறை பணம் தரும்போது நாற்காலி, டீ, சால்வை எல்லாம் உண்டு. மூன்றாவது வருடம் அதே மனிதருக்கு வாட்ஸ்ஆப்பில் எல்லோருக்கும் போகிற பார்வேர்டு செய்தி. அவர் கவனிக்காமல் இருப்பாரா?

காதில் விழுந்தும் எழுதாமல் விட்டவை

புதிதாக ஒரு சர்வே நடத்துவதற்கு முன்னால், ஏற்கெனவே வந்த கருத்துகளை என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். கணக்கு எழுதும் பெண்ணிடம் யாரோ போனில் "போன வருஷத்து சர்டிபிகேட் இன்னும் வரலீங்க" என்று சொல்லியிருப்பார். வேன் டிரைவரிடம் அரூர்க் கடைக்காரர் "உங்காளுங்க வந்து நின்னா காசுக்குத்தான் வந்து நிப்பாங்க" என்று சிரித்தபடி சொல்லியிருப்பார். வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து மூன்று பேர் சத்தமில்லாமல் வெளியேறியிருப்பார்கள். தபாலில் போன ஆண்டறிக்கை "முகவரியில் ஆள் இல்லை" என்று திரும்பி வந்திருக்கும். இவை எல்லாம் கருத்துகள்தான். எழுதப்படாதவை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். நீளமான ஒரு கணக்கு நோட்டு போதும், எக்செல் தெரிந்தால் அது. தேதி, யார் சொன்னார், அவர் சொன்ன வார்த்தையிலேயே என்ன சொன்னார், யார் கவனிக்க வேண்டும், என்ன ஆயிற்று. அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். "நன்கொடையாளர் தகவல் தொடர்பு குறித்து அதிருப்தி தெரிவித்தார்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து எவருக்கும் எதுவும் புரியாது. "காசுக்குத்தான் வந்து நிப்பாங்க" என்று எழுதியிருந்தால் படிக்கிறவருக்குச் சுருக்கென்று தைக்கும். டிரைவர், வாட்ச்மேன், சமையல் செய்யும் அக்கா எல்லோருக்கும் இந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எழுதத் தயங்குகிறவர்கள் வாயால் சொல்ல, வேறொருவர் எழுதலாம்.

மறுபடி கொடுத்தவர் எத்தனை பேர்

பேசாதவர்களின் கருத்தை அறிய ஒரே வழி கணக்குதான். போன வருடம் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று, இந்த வருடம் கொடுத்தவர்களின் பட்டியல் ஒன்று. இரண்டிலும் இருக்கும் பெயர்களை எண்ணி, போன வருடத்து மொத்த எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். நம் கற்பனை டிரஸ்டில் 80-ஐ 200-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 40. மொத்த வசூல் எவ்வளவு என்பது இதில் சேராது. ஒரு பெரிய கம்பெனி ஒரே காசோலையில் நாலு லட்சம் கொடுத்து வசூலை ஏற்றிவிட்டிருக்கலாம். அதற்குள்ளே 120 பேர் போனது மறைந்து கிடக்கும்.

நம் பகுதியில் இந்தக் கணக்கைப் போடும்போது பருவத்தையும் பார்க்க வேண்டும். மாங்காய் வியாபாரத்தில் இருப்பவருக்குக் கையில் பணம் புழங்குவது ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. அவரிடம் டிசம்பரில் போய்க் கேட்டுவிட்டு "இந்த வருஷம் அவர் குடுக்கல" என்று எழுதக் கூடாது. தொழிற்சாலை ஊழியருக்கு தீபாவளி போனஸ். விவசாயிக்கு அறுவடை, அதுவும் அந்த வருடம் மழை பெய்திருந்தால். அதனால் யார் எந்த மாதம் கொடுத்தார் என்பதையும் பெயர் பக்கத்திலேயே குறித்து, அந்த மாதம் தாண்டியும் வராதவரைத்தான் விட்டுப்போனவர் என்று கொள்ள வேண்டும். இப்படிப் பார்த்தால் 120 என்பது 90 ஆகக் குறையலாம். அந்த 90 பேருக்குத்தான் போன் போட வேண்டும்.

போனில் கேட்பது எப்படி

நிறைய அமைப்புகள் செய்வது ஆங்கிலத்தில் ஒரு கூகுள் ஃபார்ம் தயாரித்து இணைப்பை அனுப்புவது. ஓசூரில் ஐடி வேலை பார்ப்பவர் நிரப்பக்கூடும். மண்டிக்காரர் தொடவே மாட்டார். நூறு, இருநூறு பேர் உள்ள அமைப்புக்குப் போன்தான் சரி. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற கொடையாளர்கள் நிறைய. கிருஷ்ணகிரி நகரத்தில் உருது பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் தமிழ் நன்றாகவே பேசுவார்கள் என்றாலும், மனதில் உள்ள குறையை வீட்டு மொழியில் கேட்டால்தான் சொல்வார்கள். அந்த மொழி தெரிந்த ஒரு தன்னார்வலர் கிடைத்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள்.

யார் பேசக் கூடாது என்பதும் முக்கியம். வழக்கமாகப் பணம் கேட்கிறவர் பேசக் கூடாது, அவர் குரலைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் ஜாக்கிரதையாகிவிடுவார். நிறுவனரும் வேண்டாம். மரியாதைக்காக எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கணக்கர், இளநிலை ஊழியர், ஒரு கல்லூரித் தன்னார்வலர் போன்றவர்களிடம் மனிதர்கள் தாராளமாகப் பேசுகிறார்கள். அப்புறம், அதே போனில் பணம் கேட்கவே கூடாது. ஒரு முறை கேட்டுவிட்டால் அடுத்த தடவை "கருத்து கேட்க" என்று யார் அழைத்தாலும் நம்ப மாட்டார்கள்.

கேள்வியைப் பொறுத்துத்தான் பதில். "எங்க சேவை உங்களுக்குத் திருப்தியா இருக்குங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்கும்மா, நல்லா பண்றீங்க" என்று வரும். பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக நடந்ததைக் கேளுங்கள். ஓய்வுபெற்ற டீச்சரிடம் பேச்சு இப்படிப் போகலாம்.

"வணக்கம் டீச்சர். படிப்பு மையத்திலிருந்து பேசறேன். பணம் கேக்கக் கூப்பிடல டீச்சர். போன வருஷம் நீங்க அனுப்பின பிறகு எங்ககிட்டயிருந்து உங்களுக்கு என்னென்ன வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"என்ன வந்துச்சு… ஒரு எஸ்எம்எஸ் வந்துச்சும்மா. அப்புறம் ஒண்ணும் வரல."

"ரசீது வந்துச்சுங்களா?"

"இல்லம்மா. பரவால்ல விடு."

"எதுக்காகக் குடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்குங்களா டீச்சர்?"

"நோட்டுப் புத்தகத்துக்குன்னு உங்க சார் சொன்னார். வாங்கினீங்களான்னு தெரியல. கேக்கவும் சங்கடமா இருந்துச்சு."

இரண்டு நிமிடத்தில் இரண்டு குறை வெளியே வந்துவிட்டது, அவர் குறை சொல்வதாக நினைக்காமலே. "பரவால்ல விடு" என்று வரும் இடத்தில் பேனாவை எடுக்க வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி வைத்துக்கொள்ளலாம்: "நாங்க ஒண்ணை மட்டும் மாத்தணும்னா எதை மாத்தச் சொல்வீங்க?" அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினைந்து கேள்வி வைத்தால் எதிரில் இருப்பவர் சாப்பிடப் போக வேண்டியிருக்கும்.

"எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் கொடுங்கள்" என்ற கேள்வியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். 2003-இல் பிரெட் ரெய்க்ஹெல்ட் வணிக நிறுவனங்களுக்காக முன்வைத்த முறை அது. 9, 10 கொடுத்தவர்களின் விழுக்காட்டிலிருந்து பூஜ்யம் முதல் 6 வரை கொடுத்தவர்களின் விழுக்காட்டைக் கழித்தால் ஓர் எண் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் ஆட்கள் உள்ள அமைப்புக்கு அது பயன்படலாம். நம் ஊரில் முகம் தெரிந்தவர் கேட்டால் பத்துக்குப் பத்து போடுவதுதான் வழக்கம் என்பதால், சின்ன டிரஸ்டுக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

ரசீது என்ற பெரிய விஷயம்

கேட்கத் தொடங்கினால் அதிகம் வரப்போவது ரசீதைப் பற்றித்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே மரியாதையும் சட்டமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

வருமான வரிச் சட்டத்தின் 80ஜி அங்கீகாரம் பெற்ற டிரஸ்டுக்குக் கொடுத்தால், கொடுத்தவருக்கு வரிக் கணக்கில் ஒரு பகுதி கழிவு உண்டு. 2021-22 நிதியாண்டிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. டிரஸ்ட் தன் கையால் எழுதிய ரசீது மட்டும் இதற்குப் போதாது. யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரத்தை படிவம் 10பிடி-யில் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அதன் அடிப்படையில் ஒவ்வொருவருக்கும் படிவம் 10பிஇ என்ற சான்றிதழை எடுத்துக் கொடுக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த பிறகு வரும் மே 31-தான் இரண்டுக்கும் கெடு. தாமதமானால் டிரஸ்டுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். டிரஸ்ட் தாக்கல் செய்யாவிட்டால், கொடுத்தவர் ஜூலையில் தன் ரிட்டனைப் போடும்போது அந்தக் கழிவைக் கேட்க முடியாமல் நிற்பார். அவருக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று யோசியுங்கள். உங்களுக்கு நல்லது செய்யப் போய் ஆடிட்டர் முன்னால் சங்கடப்பட்டிருக்கிறார். (2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.)

இதில் சொல்லாமல் விடுவதால் வரும் குறைகளும் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி கழிவு கிடையாது. அரிசி மூட்டை, துணிமணி கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது, இன்று சம்பளக்காரர்களில் பலர் அந்த முறையில்தான் இருக்கிறார்கள். நோட்டீசில் "வரி விலக்கு உண்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இவற்றைச் சொல்லாமல் விட்டால், பின்னால் தெரிய வரும்போது ஏமாற்றப்பட்ட மாதிரிதான் அவருக்குத் தோன்றும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் கியூஆர் கோடு. திருவிழாப் பந்தலிலோ கடை வாசலிலோ ஒட்டிய நோட்டீசைப் பார்த்து ஒருவர் யுபிஐ-யில் 500 ரூபாய் அனுப்புகிறார். வங்கிக் கணக்கில் ஒரு பெயர் தெரியும். முகவரி, பான் எண் எதுவும் இருக்காது. நன்றி சொல்லக்கூட வழியில்லை. அதனால் கியூஆர் கோடுக்குக் கீழேயே "அனுப்பியதும் பெயர், முகவரி, பான் எண்ணை இந்த எண்ணுக்குத் தனியாக அனுப்பினால் சான்றிதழ் தருவோம்" என்று பெரிதாக அச்சிட வேண்டும். பெயர் தெரியாத நன்கொடை ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் டிரஸ்டுக்கே 30 சதவீத வரி விழும் என்பதால், இது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

நோட்டுப் புத்தகம் தகரக் கூரையான கதை

டீச்சர் சொன்ன இரண்டாவது குறைக்கு வருவோம். நோட்டுப் புத்தகத்துக்கு என்று வாங்கிய பணத்தை மையத்தின் கூரைத் தகடு மாற்றப் பயன்படுத்தியிருக்கலாம். மழை ஒழுகியிருக்கும், அவசரமாக இருந்திருக்கும், நியாயமான செலவாகவும் இருக்கலாம். சொன்ன காரியத்துக்குத்தான் பணம் போனது என்ற உறுதி கொடையாளருக்கு வேண்டும் என்பது 1993-இல் அமெரிக்காவில் நிதி திரட்டுவோர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட கொடையாளர் உரிமைப் பட்டியலிலேயே இருக்கிறது. அதே பட்டியலில் தயங்காமல் கேள்வி கேட்கவும், உடனே உண்மையான பதில் பெறவும் உரிமை உண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள். நம் டீச்சர் "கேக்கவும் சங்கடமா இருந்துச்சு" என்றாரே, அந்த இடம்தான் அது.

தீர்வு ஒன்றும் கடினமில்லை. மாற்றுவதற்கு முன்னால் போன் பண்ணி, "டீச்சர், கூரை ஒழுகுது, நீங்க நோட்டுக்குக் குடுத்ததை இதுக்கு எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "தாராளமா எடுத்துக்கோங்க" என்றுதான் சொல்வார்கள் என்பது என் கணிப்பு. சிலர் மேலே கொஞ்சம் சேர்த்தும் கொடுப்பார்கள். பத்தாவது ஆள் வேண்டாம் என்றால் அவர் பணத்துக்கு நோட்டுதான் வாங்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயரின் முன்னெழுத்தைத் தப்பாகப் போடுவது, இறந்துபோன அப்பாவின் பெயருக்கே வருடா வருடம் கடிதம் அனுப்புவது, காலை ஐந்து மணிக்குக் குழுவில் குட்மார்னிங் படம் போடுவது எல்லாம் பட்டியலில் வரும். விளம்பரம் பற்றி இரண்டு துருவமாகப் பேசுவார்கள். டியூப் லைட்டின் வெளிச்சமே மறையும் அளவுக்கு "உபயம்" என்று எழுதச் சொல்கிறவரும் உண்டு, பெயர் வெளியே தெரிந்தால் சொந்தக்காரர்கள் கடன் கேட்டு வருவார்கள் என்று பயப்படுகிறவரும் உண்டு. ஊகிக்காமல் கேட்டு, பெயர் பக்கத்தில் ஒரு குறி போட்டு வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் "அனுப்பறேன்னு மெயில் போட்டேன், பதிலே இல்லை" என்று சொல்வார்கள். அங்கே அமைப்பு பயந்து பேசாமல் இருந்திருக்கும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அந்நிய நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் பிறந்தது பர்கூராக இருந்தாலும், வெளிநாட்டு நிதிதான். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது. இதை இரண்டு வரியில் மரியாதையாக எழுதி அனுப்பினால் அவர் கோபப்பட மாட்டார்.

சொன்னவரிடம் திரும்பிப் போவது

கருத்து கேட்பதில் எல்லோரும் தவறவிடுகிற படி இதுதான். டீச்சரிடம் கேட்டாயிற்று, நோட்டில் எழுதியாயிற்று. ஒரு வாரத்துக்குள் அவர் ரசீது அவர் கைக்குப் போக வேண்டும், கூடவே ஒரு போன்: "டீச்சர், நீங்க சொன்ன பிறகு பார்த்தோம், உங்களை மாதிரி இன்னும் சிலருக்கும் ரசீது போகல. இனிமே பணம் வந்த மூணு நாளைக்குள்ள அனுப்பறதுன்னு வெச்சிருக்கோம். வரலன்னா இந்த நம்பருக்கே கூப்பிடுங்க." ஆண்டறிக்கையில் அரைப் பக்கம் ஒதுக்கி, இந்த வருடம் கொடையாளர்கள் என்ன குறை சொன்னார்கள், எதை மாற்றினோம், எதை மாற்ற முடியவில்லை, ஏன் என்று எழுதலாம். மாற்ற முடியாததையும் எழுதினால்தான் மற்றதை நம்புவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் போனால் எதுவும் நடக்காது. மூன்று பேர் வேலை பார்க்கும் அலுவலகம் என்றால் இந்தக் காலாண்டுக்கு ரசீது மட்டும், அடுத்ததற்கு வேறொன்று என்று எடுத்துக்கொள்வதுதான் நடக்கிற காரியம்.

கேட்கக் கூடாத கருத்தும் உண்டு

தன்னை நடத்திய விதம் பற்றி கொடையாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பயனாளிகளை எப்படி நடத்த வேண்டும் என்று அவர் சொல்வதற்கு அதே எடை கிடையாது. இந்தக் கோட்டைத் தெளிவாகப் போடாவிட்டால் கருத்து கேட்பதே ஆபத்தாகிவிடும். "என் பணம் எங்க ஆளுங்க பிள்ளைகளுக்கு மட்டும்தான் போகணும்" என்று சாதியைச் சொல்லிக் கேட்பவர் வருவார். பேரனின் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கைதட்டிப் பாடச் சொல்லி வீடியோ கேட்பவர் வருவார். முடியாது என்று சொல்ல வேண்டும். குழந்தைகள் இல்லமாக இருந்தால் சட்டமும் குறுக்கே நிற்கும்: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது.

மறுப்பையும் நல்லபடியாகச் சொல்லலாம். "ஐயா, பிள்ளைகளை முன்னால நிறுத்திப் படம் எடுக்கறதில்லைங்க. நீங்க குடுத்ததுல எத்தனை பேர் சாப்பிட்டாங்க, என்ன சமைச்சோம்னு எழுதி அனுப்பறோம், சமையல்கூடத்துப் படமும் அனுப்பறோம்." பெரிய தொகை கொடுக்கிறவர் என்பதற்காக இங்கே வளைந்தால், அடுத்த வாரமே வேலை செய்கிற ஊழியர்களின் முகத்தைப் பார்க்க முடியாது. அதே மாதிரி நோட்டில் ஒரு லட்சம் கொடுத்தவரின் குறையும் 200 ரூபாய் கொடுத்தவரின் குறையும் ஒரே வரிசையில்தான் வர வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. 200 ரூபாய்க்காரர்தான் பேருந்து நிறுத்தத்தில் உங்களைப் பற்றி நாலு பேரிடம் பேசுகிறவர்.

பெயர்ப் பட்டியலைப் பூட்டி வையுங்கள்

இவ்வளவு விவரம் சேர்த்தால் அதைக் காக்கவும் வேண்டும். பான் எண், முகவரி, யார் எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் ஒருவரின் தனிப்பட்ட விஷயம். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. பட்டியலை இன்னொரு டிரஸ்டுக்கோ, தேர்தலில் நிற்கும் தெரிந்தவருக்கோ கொடுப்பது எந்தச் சட்டமும் இல்லாவிட்டாலும் தப்புதான். "இனிமே எனக்குச் செய்தி அனுப்பாதீங்க" என்று ஒருவர் சொன்னால் அன்றே எடுத்துவிட வேண்டும். பிரிட்டனில் ஓயாமல் கடிதமும் போனுமாகத் தொந்தரவு செய்தது பெரிய விவகாரமாகி, 2016-இல் நிதி திரட்டலுக்கென்றே ஓர் ஒழுங்குமுறை அமைப்பை ஏற்படுத்தினார்கள். எந்தத் தொண்டு நிறுவனம் தன்னைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று பொதுமக்களே பதிவு செய்யும் சேவையை அது 2017-இல் தொடங்கியது. அந்த அளவுக்குப் போன பிறகு திருந்துவதற்குப் பதில், இப்போதே ஒரு பெயரை அடித்துவிடுவது எளிது.

எப்போது, யார்

தொடங்குகிறவர்கள் வாரத்துக்குப் பத்து போன் என்று வைத்துக்கொண்டால் போதும். பெங்களூருக்காரர்களுக்கு ஞாயிறு காலை பதினொரு மணி வாக்கில் கூப்பிட்டால் பேசுவார்கள். கடைக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்த வெறும் நேரம். மண்டிக்காரரை சீசன் நேரத்தில் தொந்தரவு செய்யாமல், லாரிகள் ஓய்ந்த ஆகஸ்டில் நேரில் போய்ப் பாருங்கள். டிரஸ்டிகள் கூட்டத்தில் வரவு செலவைப் படிப்பதற்கு முன்னால் இந்த நோட்டிலிருந்து ஐந்தாறு வரிகளை, அவரவர் சொன்ன வார்த்தையிலேயே, போன் பேசிய ஊழியரே எழுந்து படிக்கட்டும். சில தலைவர்களுக்கு முதல் கூட்டத்தில் கோபம் வரும். யார் சொன்னது என்று பெயர் கேட்பார்கள். பெயரைச் சொல்லாமல், அந்த வேலையை யார் எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று மட்டும் முடிவு செய்து நோட்டில் எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போகலாம்.